சுண்ணாம்புப் பொட்டும் கரிப்பொட்டும்

பொம்மசந்திராவில் ஒரு பெரிய தொழிற்சாலை எழும்புகிறது. என் மகன் அங்கே சூப்பர்வைசர். போன வாரம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். அவன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. இந்த வாரம் இதை முடிப்பேன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். சனிக்கிழமை, சொன்னதில் எவ்வளவு நடந்தது என்று நூற்றுக்கு இவ்வளவு எனக் கணக்கெடுப்பார்களாம். நடக்காததற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது, ஏன் நடக்கவில்லை என்று எழுத.

“இது புதுசா வந்திருக்கும்மா” என்றான்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் நான் கொத்தனார் வீட்டுப் பெண். இவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே எங்களிடம் இது இருந்தது. அந்தக் கட்டம் ஒன்றுதான் இல்லை.

அப்போது பிரேசர் டவுனில் ஒரு பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் கொத்தனார்கள். அம்மா இருவருக்கும் சித்தாள். குழியில் சுண்ணாம்பு நீறும்போது ஆவி புசுபுசுவென்று கிளம்பும். பெங்களூர் மேகமெல்லாம் அந்தக் குழியிலிருந்துதான் போகிறது என்று நினைத்துக்கொண்டு மணல் குவியலில் மல்லாந்து கிடப்பேன். சாரத்தின் மேல் அப்பாவும் மாமாவும் வானத்துக்கே பூசுவது போலத் தெரியும்.

கான்ட்ராக்டர் கன்னடக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும், “ஆய்த்தா?”, முடிந்ததா என்று ஒரே வார்த்தை கேட்பார். வாரத் தொடக்கத்தில் செய்வதாகச் சொன்ன வேலை முடிந்திருந்தால் சாமான் கொட்டகைக் கதவில் அவன் பேருக்கு நேரே சுண்ணாம்புப் பொட்டு. முடியாவிட்டால் அடுப்புக்கரியால் ஒரு பொட்டு. முக்காலே மூணு வீசம் முடிந்திருந்தாலும் கரிதான். காரணம் கேட்க மாட்டார்.

மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தது. அடுத்து ஒரு பள்ளிக்கூடம் கட்டப்போகிறார், கதவில் வெள்ளை கூடுதலாக உள்ளவன்தான் அதற்கு மேஸ்திரி என்று சொல்லியிருந்தார். அப்பாவும் மாமாவும் சமமாக நின்றார்கள். ஆஸ்டின் டவுனில் மாமாவுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார், மேஸ்திரியானால் தருகிறோம் என்றிருந்தார்கள். மாமா மேஸ்திரியானால் என்னைச் சைக்கிளில் வைத்துக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவதாக எனக்கும் வாக்கு. நான் மாமா கட்சி.

அன்றைக்கென்று சுண்ணாம்பு வண்டி வரவில்லை. மத்தியானத்துக்குமேல் குழியில் ஒரு சுவருக்குக் காணும் சொச்சம்தான் கிடந்தது. இரண்டு சுவரிலும் கடைசி வரி பாக்கி. அம்மா அதை வழித்து ஒரே சட்டியில் போட்டுத் தலையில் தூக்கினாள். அவள் அப்போது மாசமாக இருந்தாள். இரண்டு ஏணிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். சாந்து காதோரம் வழிந்தது. துடைக்கவில்லை.

“என்னா மச்சான், கரண்டி காஞ்சி கிடக்கா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கிண்டல் செய்தார்.

“உமக்கு மட்டும் தேனா ஒழுகுது?” என்றார் மாமா. பிறகு கீழே குனிந்து அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யக்கா, அந்தாண்ட எடுத்துனு போ. எனக்கு ஒரு பீடி இழுக்கணும், இடுப்பு நோவுது.”

“டேய்” என்றாள் அம்மா.

“போக்கா, சாந்து இறுகுது பாரு.”

அம்மா அப்பாவின் ஏணிப் பக்கம் திரும்பினாள்.

சாயங்காலம் கான்ட்ராக்டர் குழி ஓரத்தில் விரலால் வழித்து அப்பாவுக்கு வெள்ளை வைத்தார். மாமாவைப் பார்த்து, “ஆய்த்தா?” என்றார். மாமா சிரித்துக்கொண்டே கரித்துண்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பீடிக்காகக் கல்யாணத்தையே விட்ட சோம்பேறி என்று அவரோடு பேசாமல் திரிந்தேன்.

அப்பா மேஸ்திரியானார். அதற்குப்பின் அம்மா சட்டி தூக்கவில்லை. தம்பி நல்லபடியாகப் பிறந்தான். ஆஸ்டின் டவுன் பெண்ணை வேறு யாரோ கட்டிக்கொண்டார்கள்.

மகனின் பலகையில் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று ஏணியிலிருந்து இறங்கிய மாமா, செங்கல் அடுக்கின்மேல் கைகளைத் தொங்கவிட்டு, கான்ட்ராக்டர் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பீடி பற்றவைக்கவே இல்லை. தீப்பெட்டியை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.