அக்காவும் நானும் தேடிய இறங்குதுறைகள்

ஆலப்புழைக்குச் சுற்றுலா போய் வந்த மறுநாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நீட்டிய காபியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "நம்ம ஊர்ல இல்லாத தண்ணியாடீ? நாம ஒரு கயாக் வாங்குவோம்" என்றாள்.

அங்கே யாரோ அவளைக் கயாக் என்கிற ஒல்லியான சின்னப் படகில் உட்காரவைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையாக இருக்கும்போதே இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன வலது கால் அவளுக்கு. காலுக்கு இரும்புப் பட்டை போட்ட காலிப்பர், கையில் ஊன்றுகோல். அதோடேயே பஸ் ஏறி இறங்கி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டாள். ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி இறுகிப்போன அவளுடைய தோள்கள் என் வீட்டுக்காரர் தோளைவிட உறுதியானவை. "தண்ணியில காலுக்கு வேலையே இல்லடீ. கூட வந்தவங்க எல்லாரையும் முந்திட்டுப் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நீச்சல் எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் நானும் தலையாட்டினேன். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் நிறக் கயாக் ஒன்று லாரியில் வந்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இறங்கியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதை எங்கே வைத்து ஆற்றில் இறக்குவது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அக்காவின் ஆசை சின்ன ஆசை இல்லை. பெட்டவாய்த்தலைப் பக்கம் ஆற்றில் இறங்கி ஸ்ரீரங்கம் வரை வரவேண்டும். நடுவில் முக்கொம்பு அணை. அதைத் தாண்டினால் கம்பரசம்பேட்டைத் தடுப்பணை. இரண்டு இடத்திலும் முன்கூட்டியே கரையேறி, கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து, அணைக்குக் கீழே மறுபடி இறக்கவேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு நாங்களே 'தூக்குத்துறை' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

மன்னார்புரத்தில் என் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் எனக்கு விடுமுறை. ஒவ்வொரு ஞாயிறும் பக்கச் சக்கரம் வைத்த அக்காவின் ஸ்கூட்டரில் கிளம்புவோம். அவள் ஓட்டுவாள், நான் பின்னால். படித்துறை படித்துறையாகப் பார்த்தோம். எங்கே போனாலும் படிகள், படிகளில் பாசி. நானே பிடித்துக்கொண்டு இறங்கவேண்டியிருந்தது. அவள் மேல்படியில் நின்று, உதட்டைப் பிதுக்கிவிட்டு, வண்டியைத் திருப்புவாள். தொட்டியம் வரைகூடப் போனோம். அங்கே ஒரு வாழைக்கொல்லையை ஒட்டிய கரையில் ஈர மண் சரிந்து அக்கா விழுந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது.

"போதும்க்கா. கயாக்க வித்துடலாம்" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் ஓர் எருமை தன் பாட்டுக்குத் தண்ணீரிலிருந்து கரையேறிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. கால் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.

"படித்துறையத் தேடினது தப்புடீ" என்றாள். "படி மனுஷனுக்குக் கட்டினது. மாடு இறங்குற இடத்தப் பாரு. சரிவா இருக்கு. மிதிச்சு மிதிச்சு மண்ணு கெட்டியா இருக்கு. பாசி கிடையாது. அந்தச் சரிவுல நான் இறங்குவேன். கயாக்கும் வழுக்கிக்கிட்டு இறங்கும்."

அந்த இடத்திலேயே ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, எருமை ஏறிவந்த தடத்தில் தனியாக இறங்கி, தண்ணீரில் ஊன்றுகோலை நனைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் கேள்வியே மாறிவிட்டது. "இங்க ஆத்துக்கு வழி இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இங்க மாட்ட எங்க குளிப்பாட்டுவீங்க?" என்று கேட்டோம். டீக்கடையில் கேட்டால் டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். பெட்டவாய்த்தலை அருகே ஒரு சரிவு கிடைத்தது. முக்கொம்புக்கு மேலே தென்கரையில் ஒன்று, அணைக்குக் கீழே ஒன்று. தடுப்பணைக்கு மேலும் கீழும் மேலூர்ப் பக்கக் கரையில். கடைசியில் ஸ்ரீரங்கத்திலேயே, அம்மா மண்டபத்தைத் தாண்டிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கரையேற வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றாக, ஆற்றின் மேல்பக்கம் இன்னொரு இடம் பார்த்து வைக்கவேண்டும். முக்கொம்புக்கு அப்படிக் கிடைத்தது ஒரு வாழைத்தோப்பின் ஓரம்தான். அங்கே சரிவு இருந்தது, ஆனால் அணையிலிருந்து தள்ளி இருந்தது. "இதெல்லாம் எதுக்குக்கா? இவ்வளவு தூரம் நடந்து மாளாது" என்று அலுத்துக்கொண்டேன்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து ஆறு நிறைந்து, கொஞ்சம் நிதானப்பட்ட ஒரு காலையில் கிளம்பினோம். தெரிந்தவரின் குட்டியானை வண்டியில் கயாக்கை ஏற்றிக்கொண்டு போய் பெட்டவாய்த்தலையில் இறக்கினோம். இருவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். அக்கா காலிப்பரைக் கழற்றித் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டினாள். பின் இருக்கை அவளுக்கு. திசை திருப்புகிறவர் பின்னால்தான் உட்காரவேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டாள்.

கரை நகர ஆரம்பித்தது. வாழை, கரும்பு, தென்னை எல்லாம் எங்களைத் தாண்டிப் பின்னால் போயின. கரையிலிருந்து இத்தனை ஞாயிறு பார்த்த ஆறு இது இல்லை. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இரண்டு பங்கு அகலம். மணல் திட்டில் கொக்குகள் நின்றன. பின்னாலிருந்து அக்காவின் துடுப்புச் சத்தம் தாளம் தப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தது. வேகமும் கூடிக்கொண்டே வந்தது. மேலே எங்கேயோ இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்கள். வளைவு திரும்பியதும் தூரத்தில் முக்கொம்பின் மதகுகள் தெரிந்தன. நாங்கள் ஏறவேண்டிய சரிவைத் தேடினேன். சரிவைக் காணோம். அங்கே கருவேல முள்ளின் கிளைகள் தண்ணீரில் தோய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"அக்கா, முங்கிப்போச்சு!"

"தெரியுது. வாழத்தோப்புக்குப் போறோம். இடது பக்கம் மட்டும் போடு. நிறுத்தாத!"

தோப்பு எங்களுக்கு வலப்பக்கம் வந்துவிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் தாண்டிவிடும். அவள் பின்னாலிருந்து துடுப்பை ஆழமாக ஊன்றி இழுத்தாள். கயாக்கின் மூக்கு திரும்பியது. "போடு, போடு, போடு" என்று வகுப்பில் வாய்ப்பாடு சொல்லவைக்கிற குரலில் கத்தினாள். ஆறு எங்களைக் கீழே தள்ள, நாங்கள் குறுக்கே போய், தோப்பின் சரிவில் இடித்து நின்றோம். நான் குதித்துக் கயிற்றை ஒரு மரத்தில் கட்டியபோதுதான் மூச்சே வந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அணை இன்னும் தூரத்தில்தான் இருந்தது. எங்கே ஏறவேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, ஏறிவிட்டோம்.

தோப்பில் தார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோப்புக்காரம்மா அரிவாளோடு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? ஆத்துக்குள்ளேருந்து வர்றீங்க?"

"ஸ்ரீரங்கத்துக்குப் போறோம்மா. அணையத் தாண்டி இறங்கணும். உங்க தோப்பு வழியா விடுவீங்களா?" என்றாள் அக்கா.

அந்தம்மா அவள் காலைப் பார்த்தார், கயாக்கைப் பார்த்தார். பிறகு தார் சுமப்பவர்களைக் கூப்பிட்டார். "ஏப்பா, இந்தப் படகத் தூக்குங்க. அந்த அம்மாவ வண்டியில ஏத்திக்கலாம்."

"படகத் தூக்க ஆள் குடுங்க, போதும்" என்றாள் அக்கா. "நான் நடந்து வரேன்."

கவிழ்த்துப் போட்ட கயாக்கின் மேல் உட்கார்ந்து காலிப்பரைப் பூட்டிக்கொண்டாள். சுமை தூக்குகிறவர்கள் தலையில் சும்மாடு வைத்து, தாரைத் தூக்குகிற மாதிரியே கயாக்கைத் தூக்கி முன்னால் போனார்கள். வாழையிலைகளுக்கு நடுவே மஞ்சள் கயாக் மிதந்து போனது. பின்னால் ஊன்றுகோல் சத்தத்தோடு அக்கா, அவளுக்குப் பின்னால் துடுப்புகளோடு நான். தோப்பு முடிந்து கரைமேட்டில் வெயில் ஏறியது. வேர்த்து வழிந்தது. அடிக்கடி நின்று மூச்சு வாங்கினாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டினால் திட்டுவாள். தோப்புக்காரம்மாவும் தன் வேலையை விட்டுவிட்டு எங்களோடேயே வந்தார். அணைக்குக் கீழே எங்கள் சரிவுக்கு வந்து சேர்ந்தபோது அவர்தான் முதலில் கை தட்டினார். "போயிட்டு வாங்க! அடுத்த தடவ சொல்லிட்டு வாங்க, இளநி வெட்டி வைக்கறேன்" என்று கரையிலிருந்து கத்தினார்.

தடுப்பணையில் எந்தச் சிக்கலும் இல்லை. மேலூர்க் கரையில் பார்த்து வைத்த சரிவு அப்படியே இருந்தது. தூரம் கொஞ்சம்தான். கயாக்கை நான் கயிறு கட்டிப் புல்லின் மேல் இழுத்தேன், அவள் முன்னால் வழி காட்டி நடந்தாள். மறுபடி இறங்கியதும் இடப்பக்கம் தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம் தெரிந்தது, வலப்பக்கம் மலைக்கோட்டை. அம்மா மண்டபத்துப் படிகளில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தர்ப்பணம் செய்துகொண்டிருந்த ஒருவர் கையை உயர்த்தி ஆட்டினார். அக்கா துடுப்பையே தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். கயாக் கவிழப் பார்த்தது. "ஒழுங்கா ஓட்டுக்கா!" என்று நான் கத்த, படிகளில் ஒரே சிரிப்பு.

கடைசிச் சரிவில் கயாக்கிலிருந்து தானாகவே இறங்கி, தானாகவே கரையேறினாள்.

மண் அப்பிய சேலைத் தலைப்பும் சுடிதாருமாகப் பக்கத்துக் கடையில் பஜ்ஜி வாங்கப் போனோம். "எங்கேருந்தும்மா வர்றீங்க, இப்படி நனைஞ்சு?" என்றார் கடைக்காரர்.

"பெட்டவாய்த்தலையிலேருந்துங்க" என்றாள் அக்கா.

"பஸ்ஸுலயா?"

"ஆத்துல."

அவர் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். அக்கா இன்னொரு தட்டு கேட்டாள்.