கலைஞர்களைக் காவு வாங்கும் மாவட்டம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலா சிலாங்கூர் மாவட்டம் மேடைக் கலைஞர்களைக் காவு வாங்குகிறது என்று நான் நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மைக் பிடித்து ஊரைச் சிரிக்க வைப்பதுதான் பிழைப்பு. அதிலும் பேய் நகைச்சுவை என் தனிச்சரக்கு. அப்பேர்ப்பட்டவன் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் தூங்க ஆரம்பித்தேன்.

பதிவு இதுதான். ஒரு பாடகர், ஒரு உருமி மேளக்காரர், ஒரு முன்னாள் அரசியல் தலைவர். மூன்று பேரும் ஒரே மாவட்டத்தில் செத்தார்கள். முதல் இருவரும் ஒரே கோயிலில், திருவிழா மேடைக்குப் பக்கத்திலேயே. ‘அடுத்தது யார்?’ என்று கேட்டு, நரி ஊளையிடும் சத்தத்தோடு பதிவு முடிந்தது. எங்கள் மலேசியாவில் நரியே கிடையாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அதே வாரம் அதே கோயிலிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருந்தது. அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே போகும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். மாரியம்மன் திருவிழா, மதிய அன்னதானத்தோடு கலைநிகழ்ச்சி.

மறுத்திருக்கலாம். ஆனால் தனம் அக்கா ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். அறுபத்தொரு வயது, பக்திப் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் அவர் தொண்டையில் குடியிருக்கின்றன. அவர் பாடுவார், நான் இடையிடையே உளறுவேன். எங்கள் ஜோடிக்கு அதுதான் ஒப்பந்தம்.

காலை ஏழரை, கிள்ளான். ஒலிபெருக்கிக்காரன் சேகரின் வேனில் கிளம்பினோம். கோலா சிலாங்கூருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையிலேயே போகலாம் என்றேன். மெதுவாகப் போய்ச் சேரலாமே என்பது என் கணக்கு. சட்டைப் பையில் எலுமிச்சம்பழம், இடுப்பில் தாயத்து, மணிக்கட்டில் மூன்று கோயில் கயிறு.

“என்னண்ணே, கயிறு கடை வெச்சிருக்கீங்க?” என்றான் சேகர்.

“பாதுகாப்புக்குலா.”

“பெல்ட்டைப் போடுங்கண்ணே மொதல்ல. அதான் பாதுகாப்பு.”

பெல்ட் போட்டிருக்கவில்லை. போட்டேன்.

எட்டேகால், காப்பார். பசியாற நிறுத்தினோம். எனக்கும் சேகருக்கும் ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரே. அக்காவுக்கு ஒரு தோசை, சீனி போடாத கோப்பி. மூவருக்கும் சேர்த்து பதினான்கு வெள்ளி. அக்காவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். போட்டால் அரைமணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

நான் குரல் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். நரி வரை பொறுமையாகக் கேட்டார்.

“அந்த அரசியல்வாதி எப்படிடா செத்தாரு?”

விசாரித்து வைத்திருந்தேன். எண்பத்தெட்டு வயதில், மகள் வீட்டில், மத்தியானத் தூக்கத்தில்.

“அடப்பாவி, அவரையும் கணக்குல சேத்துட்டானுங்களா? எண்பத்தெட்டுல தூக்கத்துல போறது சாபம்னா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு.”

“மத்த ரெண்டு பேரும், அக்கா?”

அக்கா தோசையைப் பிய்த்தார். “அவங்க ரெண்டு பேரும் நல்லவங்க,” என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதரை, தோட்டம். ஜெரம் தாண்டி, கடல் நண்டுக்கும் மின்மினிப் பூச்சிக்கும் அழைக்கும் பலகைகளைத் தாண்டி, அசாம் ஜாவாவில் திரும்பினோம். அதற்கப்புறம் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. மரங்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நின்று எங்களையே பார்த்தன, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்து வருடங்களாகிவிட்டன. ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் கார் ஏறி வருகிறார்கள்.

கோயில் தலைவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். முன்பு இதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர், கணீரென்ற குரல். நேராக மண்டபச் சுவருக்குக் கூட்டிப்போனார். மாலை போட்ட இரண்டு படங்கள். ஒன்று பாடகர், ஒன்று உருமிக்காரர். கீழே பித்தளைப் பலகையில்: ‘அம்மன் பாதம் சேர்ந்த கலைச்செல்வங்கள்.’

சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்தேன்.

“ரெண்டு பேரு மேலயும் ஆத்தா எறங்குனா சார். நடுங்கி, வேர்த்து, கண்ணு சொருகி… அப்படியே அவ மடியிலயே போயிட்டாங்க. குடுத்து வெச்சவங்க. அதுக்கப்புறம் நம்ம கோயிலுக்குக் கூட்டத்தப் பாருங்க.”

படங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஆணி காலியாக இருந்தது. காலண்டர் மாட்டுவதற்காகத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

“சாப்பாடு எத்தன மணிக்குண்ணே?” என்று அக்கா கேட்டார்.

“பன்னெண்டுக்கு டாண்ணு போட்டுருவோம்மா. சிறப்பு விருந்தினர் வந்து மொத கரண்டி போட்டாருன்னா, பந்தி ஓடிரும்.”

இந்த முதல் கரண்டியைத் தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துக் கோயில்களில் அன்னதானத்தை ஒரு பெரிய மனிதர் தொடங்கி வைக்க வேண்டும். அவருக்கு மாலை, பொன்னாடை, பிறகு முதல் பிரசாதம். பிறகு அவர் கரண்டியைப் பிடித்து ஒரு இலையில் சோறு வைக்க, நாலு பேர் படம் எடுப்பார்கள். அதுவரை அண்டா மூடியிருக்கும். அம்மன்கூட அவருக்காகக் காத்திருப்பாள்.

பதினொன்றே முக்கால். அக்கா மேடைக்குப் பின்னால் துணி மறைவில் ஊசி போட்டுக்கொண்டார். பன்னிரண்டுக்குச் சோறு என்றார்களே.

பன்னிரண்டுக்குச் சோறு வரவில்லை. விருந்தினர் சுங்கை ஆயர் தாவாரில் இன்னொரு கோயிலில் இருக்கிறாராம், இப்போதுதான் மாலை விழுகிறதாம். அது அறுபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. பன்னிரண்டரைக்கு ‘கிளம்பிட்டார்’ என்றார்கள். ஒரு மணிக்கும் ‘கிளம்பிட்டார்’ என்றார்கள். ஒரு மனிதர் எத்தனை தடவை கிளம்ப முடியும் என்று மைக்கில் கேட்டேன். கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

அக்கா சமையல் கொட்டகைக்குப் போய்க் கொஞ்சம் சோறு கேட்டிருக்கிறார். “மொத கரண்டி போடாம எப்படிம்மா? சாமி குத்தமாயிரும்,” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் மிட்டாய் வைத்திருக்கும் கைப்பை வேனில் இருந்தது. சேகர் தீர்ந்துபோன வயர் வாங்க வேனோடு அசாம் ஜாவா போயிருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காலி ஆணியைப் பார்க்காமலிருக்க முதுகைத் திருப்பி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே முக்கால். கூட்டத்தைச் சமாளிக்க ஒரு அம்மன் பாட்டுப் பாடச் சொன்னார்கள். இரண்டாவது சரணத்தில் அக்காவின் குரல் வழுக்கியது. கை நடுங்கியது. முகமெல்லாம் வேர்வை. மைக்கைப் பிடித்தபடி ஆட ஆரம்பித்தார்.

“ஆத்தா வந்துட்டாடா!” என்று யாரோ கத்தினார்கள்.

உருமி எகிறியது. குலவைச் சத்தம். வேப்பிலையை அக்காவின் கையில் திணித்தார்கள், நெற்றியில் திருநீறு, தலையில் மஞ்சள் தண்ணீர். ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு, “ஆத்தா, மகளுக்கு எப்பத் தாயி கல்யாணம்?” என்று அழுதாள். இன்னொருவர் லாரி லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். “தாயே, மாட்டேன்னு சொல்லத்தான் இருந்தேன், என்ன விட்டுரு,” என்று கும்பிட்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு அக்கா நினைவே இல்லை. அடுத்த படம் என்னுடையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அம்மன் என் தலைக்கு மேலே குனிந்தாள். உதடு கோணிக்கொண்டு சொன்னாள்:

“டேய் மணி… இனிப்பு… எதாச்சும்…”

“ஆத்தா இனிப்புக் கேக்குறா! சக்கரப் பொங்கல் படையல் போடணும்!” என்றார் தலைவர். “விருந்தினர் வரட்டும், பெருசா போட்டுருவோம்!”

அப்போதுதான் எனக்கு மண்டையில் இடி விழுந்தது. எனக்குத் தெரிந்த எந்த அம்மனும் என்னை ‘டேய் மணி’ என்று கூப்பிட மாட்டாள். அது காப்பாரில் தோசை தின்ற குரல். ஊசி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரமாகச் சோறு கிடைக்காத குரல்.

ஓடினேன். சமையல் கொட்டகைக்கு ஓட நேரமில்லை. பக்கத்தில் இருந்தது சன்னிதி. அம்மன் முன்னால், விருந்தினரின் முதல் பிரசாதத்துக்காக மூடி வைத்த பானகச் செம்பு. பூசாரி “ஐயோ ஐயோ” என்று குறுக்கே வந்தார். என் தொப்பையால் அவரைத் தள்ளிவிட்டுச் செம்பைத் தூக்கினேன். வாழ்நாளில் எந்தத் தெய்வத்தையும் எதிர்த்துப் பேசாதவன், அந்தத் தெய்வத்தின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

“சாமி வந்தவங்க வாயில ஊத்துறான் பாரு!” என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். பொத்தான் தெறித்தது.

“சாமி இல்லடா, சக்கர! சக்கர எறங்கிருச்சு! செத்துருவாங்கடா!” என்று மைக்கில் கத்தினேன். சேகரின் நல்ல ஒலிபெருக்கி. தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். உருமி நின்றது.

அக்காவைச் சாய்த்து உட்கார வைத்து, வெல்லமும் சுக்கும் கரைத்த அந்தப் பானகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தேன். கால்வாசிச் செம்பு இறங்கியது, பாதி இறங்கியது. கண் நேராக நின்றது. தன் கையில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். ஈரப் புடவையைப் பார்த்தார்.

“யாருடா என்னக் குளிப்பாட்டுனது?” என்றார்.

மூன்று மணி. விருந்தினர் வந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர்தான், தனக்காகச் சோற்றை மூடி வைக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் நிகழ்ச்சியை அங்கேயே முடித்துக்கொண்டோம். வயரோடு திரும்பியிருந்த சேகர், ஒலிபெருக்கியை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். வேனில் ஏறும்போது தலைவர் என் கையைப் பிடித்தார்.

“ஆத்தா பானகத்த எடுத்துட்டீங்களே சார். பரிகாரம் பண்ணணும்.”

அதுவரை என்னிடம் பயம் மட்டும்தான் இருந்தது. பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

“தலைவரே, அந்தப் பாடகர் மேல சாமி வந்தப்ப மணி என்ன?”

“ரெண்டு, ரெண்டரை இருக்கும்.”

“உருமிக்காரர் மேல?”

“அதே நேரந்தான் சார்! அதான் ஆத்தாவோட நேரம்!” என்றார் பெருமையாக.

“ரெண்டு வருசமும் சோறு எத்தன மணிக்குப் போட்டீங்க?”

“விருந்தினர் வந்தப்புறந்தான். மூணரைக்கு மேல.”

“நடுவுல அவங்களுக்கு யாராச்சும் எதாச்சும் குடுத்தீங்களா?”

“திருநீறு குடுத்தோம்,” என்றார்.

அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. ஆயிரம் பேர் தின்னச் சோறு வெந்து கிடக்க, பத்தடி தூரத்தில் இரண்டு பேர் பசியில் நடுங்கியிருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் அந்த இருவர் காலில் விழுந்து குறி கேட்டிருக்கிறார்கள். பிறகு படம் மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். செத்தவனுக்குப் பித்தளைப் பலகை செய்யத் தெரிந்த ஊரில், உயிரோடு இருந்தவனுக்கு ஒரு கரண்டி சோறு போட எவனுக்கும் அதிகாரமில்லை! என் பேரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் விழுந்து கும்பிட்டவன்தான்.

நாலரை, கோலா சிலாங்கூர் டவுன். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். இன்னும் கால்மணி நேரம் விட்டிருந்தால் மயக்கம், பிறகு என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர், சின்ன வயதுப் பெண். மற்ற இருவரைப் பற்றிக் கேட்டேன். “நான் அவங்களப் பாக்கல அங்கிள். ஊசி போடுறவங்களானு வீட்ல கேட்டுப் பாருங்க,” என்றார்.

அக்கா படுக்கையில் பன் தின்றுகொண்டிருந்தார். மலாவத்தி மலைக் குரங்குகளைப் பார்க்க வந்த சுற்றுலாக் கூட்டம் ஜன்னலுக்கு வெளியே ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போனது. நான் வாசலில் நின்று உருமிக்காரரின் மனைவிக்குப் போன் செய்தேன். தெரிந்தவர்தான், ரவாங்கில் இருக்கிறார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு ஜோக் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு கேட்டேன்.

“ஆமாண்ணே, சக்கரதான். அவருக்கும் சரி, அந்தப் பாட்டுக்காரருக்கும் சரி, ரெண்டு பேரும் ஊசிதான். ஒண்ணா உக்காந்து போட்டுக்குவாங்க, யாரு வயிறு பெருசுன்னு கிண்டல் பண்ணிக்கிட்டு.” கொஞ்சம் நிறுத்தினார். “சாமி வந்துதான் போனாருன்னு சொன்னாங்கண்ணே. அந்த ஒரு ஆறுதல்லதான் இருக்கேன். ஏன் கேக்குறீங்க?”

“இன்னிக்கு அதே மேடையில தனம் அக்காவுக்கும் சாமி வந்துச்சும்மா. பானகம் குடுத்தேன், போயிருச்சு,” என்றேன். 

“அண்ணே,” என்றார் அவர், குரல் மாறியிருந்தது. “அன்னிக்கு அங்க எத்தன மணிக்குச் சோறு போட்டாங்க?”

மூன்றரைக்கு மேல் என்றேன். “பதினொன்னரைக்கு ஊசி போட்டுட்டேன்னு அவரு எனக்குப் போன் பண்ணாருண்ணே,” என்றார்.