டீச்சர் வைத்துக்கொண்ட தட்டு

குழித்துறையில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் பெரிய வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு மாறினார். சாமான் பிரிக்க நான் உதவினேன். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட சேலை. பாத்திரத்தில் வெட்டிய பெயரைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத்தான் எதையும் ஒதுக்குவார். பிள்ளைகள் பெயர் வெட்டிய நான்கு தட்டுகளையும் எடுத்துவைத்தார்.

"ஒரு ஆளுக்கு நாலு எதுக்கு டீச்சர்?"

"பிள்ளைகள் வந்தா?"

"எல்லாரும் கல்ஃப்லல்லா இருக்காவ!"

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை என்னிடமே தந்தார்.

போன வாரம் மகனோடு அவரைப் பார்க்கப் போனேன். அந்தத் தட்டில் அவனுக்குப் புட்டு வைத்தார். பிறகு அதைக் கழுவி எனக்கு வைத்தார்.

"நீங்க?"

"நீ தின்னு மக்களே. தட்டு ஒழியட்டும், நான் பொறவு தின்னுகேன்."

மூன்று தட்டுகளும் என் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. திருப்பிக் கொடுத்தால் வருந்துவாரோ என்று இன்னும் கொண்டுபோகவில்லை.