சுத்தியலால் உடைத்த வெல்லம்

மேட்டுப்பாளையத்தில், பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் என் கையில் இரண்டு பொருள் கொடுத்தார். ஒரு சுத்தியல், ஒரு துண்டு வெல்லம்.

"அது வேலைக்கு, இது தூசிக்கு. வெல்லம் தின்னா தொண்டையில ஒட்டுன தூசியெல்லாம் எறங்கி வெளிய போயிடும்" என்றார்.

எட்டாவதோடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். லாரி, செங்கல் சூளை, ஐஸ் கம்பெனி என்று பார்த்த எந்த இடத்திலும் இனிப்பு கொடுத்து வேலைக்கு வைத்ததில்லை. இடம் பிடித்துப்போயிற்று.

பேட்டரிப் பெட்டியைப் பிளந்து, ஈயத் தகடுகளை உருவி உலைக்கு அனுப்ப வேண்டும். எனக்கு எதிரே உட்கார்ந்து உடைத்தவன் காசி, பக்கத்து ஊரான உழவர்கரைக்காரன். பதினோரு மணிக்கு வெல்லம் வரும், கல் மாதிரி. தகடு தட்டும் அதே சுத்தியலால், அதே கட்டையில் வைத்து உடைத்துப் பங்கு போடுவது நான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு தின்போம். அந்தப் பதினைந்து நிமிடம் சிரித்ததுபோல் நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

காசிக்குக் காலையில் சாப்பிடும் பழக்கம் கிடையாது. சில மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்தான்.

"தூசி சேந்துக்கிச்சு மச்சான். இன்னொரு துண்டு போடு."

பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டேன். பிறகு ஒருநாள் அவன் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிற்று. சுத்தியலைத் தூக்க முடியவில்லை.

நான் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் ஈறைப் பார்த்தார். ஓரமாக நீலக் கோடு. எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதித்ததில் ஈயம் இருந்தது. அவனுக்கு மிக அதிகம்.

"கை கழுவிட்டுத்தான சாப்புடுவீங்க?"

"சோறுன்னா கழுவுவோம் மேடம். வெல்லத்துக்கு யாரு கழுவுவாங்க?" என்றான் காசி.

வெல்லம் உடைக்கும் விதத்தை நான்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"மூச்சுல கொஞ்சம் போயிருக்கும். மிச்சத்த நீங்களே இனிப்போட ஊட்டியிருக்கீங்க. வெறும் வயித்துல போனா ஈயம் இன்னும் அதிகமா ரத்தத்துல ஏறும். ஒடம்பு அத சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சி எலும்புல சேத்து வச்சிக்கும்."

நான் தினமும் இட்லி தின்றுவிட்டுப் போனவன். அதுவும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறது.

அதற்குப் பின் பெயின்ட், சாயம், தோல் என்று பல பட்டறை பார்த்துவிட்டேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வேலை செய்யும் இடத்தில் எதையும் வாயில் வைக்காதீர்கள், பீடியைக்கூட. வெளியே வந்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு தின்னுங்கள்.

காசி வீட்டுக்கு இப்போதும் போவேன். வெல்லம் போட்ட டீ கொடுப்பான்.

"சுத்தியால ஒடைக்கல மச்சான், தைரியமா குடி" என்பான்.

டம்ளரை இடது கையால்தான் நீட்டுவான்.