மார்கழி ஒன்றாம் தேதிக்கு முன்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஆனி மாதக் கடைசியில், செம்மநத்தம் சிறு காப்பி விவசாயிகள் சங்கம், மலையில் உள்ள ஆறு சங்கங்கள் சேர்ந்த ஒன்றியத்தை விட்டு விலகுவதாகத் தீர்மானம் போட்டது.
2. ஆடியில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம் என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.
3. ஆவணி முதல் தேதி ஒண்டிக்கடை என்ற ஊரில் இருந்த ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தோம்.
4. ஒன்றியத்தின் விதிப்படி, கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து நான்கு மாதம். அது மார்கழி ஒன்றாம் தேதி முடியும்.
5. மார்கழியில்தான் எங்கள் சரிவில் பழம் முழு வீச்சில் பழுக்கும்.
6. பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கும் பல்ப்பர் எந்திரம் ஒன்றியத்தினுடையது. அந்தத் தேதியில் அதைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்பது ஐப்பசியில்தான் எங்களுக்கு உறைத்தது.

ஐந்தாவதையும் ஆறாவதையும் இரண்டாவதற்கு முன்பே யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

காப்பி வாரியத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது போய், சின்ன விவசாயிகள் காப்பியைத் தாங்களே விற்கலாம் என்று ஆகியிருந்த புதிது அது. நான் சேலத்தில் எந்திரவியல் டிப்ளமா முடித்துவிட்டு, பல்ப்பரை ஓட்டவும் கணக்கு எழுதவும் செம்மநத்தம் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் என்னை 'மெசினுப் புள்ள' என்றுதான் சொல்வார்கள். உயரத்தில் விளைகிற எங்கள் காப்பியை ஒன்றியம் மற்ற சரிவுகளின் காப்பியோடு ஒரே குவியலாகக் கொட்டி விற்றது. எங்களுடையதைத் தனியாக வையுங்கள் என்று மூன்று கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோம். நடக்கவில்லை. அதனால்தான் விலகல்.

எங்கள் தலைவர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானம் போட்ட மறுநாளே கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்துவிட்டார். பல்ப்பர் கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தோம். அப்போதுதான் ஒருவர் கேட்டார்.

"ஏனுங்க, நாளைக்கு ஆடி பொறக்குதுங்களே. ஆடியில போயி இதைக் குடுக்கறதுங்களா?"

"எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதானுங்க" என்றார் தலைவர். ஞாயிறு தவறாமல் கோயில் மணி அடித்ததும் முதல் வரிசையில் உட்காருகிற கிறிஸ்தவர் அவர். "ஆனா கையெழுத்து எல்லாருதும். மனசு சுத்தமா போடோணும்."

பின்னாலிருந்து அக்கா ஒருத்தி சிரித்தாள். எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தவள்; வேலையை விட்டுவிட்டுத் தன் துண்டு நிலத்தில் தானே குழி வெட்டிக் காப்பி வைத்திருந்தாள். அந்த வருஷம்தான் அவள் செடிகளுக்கு முதல் காய்ப்பு. "புதுசா கட்டுன புருசன் பொண்டாட்டியவே ஆடியிலதானுங்க பிரிச்சு வெக்கறோம். பிரியறதுக்கு இதை விட நல்ல மாசம் எங்கிருந்து வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, ஆவணிக்கே கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, இன்னொரு முடிவும் யாரும் சொல்லாமலே நடந்தது. ஒன்றியக் கூட்டத்துக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. அழைப்பு வந்தது, தலைவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "போறோம்னு சொல்லிப் போட்டு மறுக்கா அந்த வாசப்படிய மிதிக்கறது நல்லா இருக்காதுங்க" என்றார். சண்டை போட்டுக்கொண்ட சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகாமல் இருப்பது போலத்தான். அது ரோஷம், அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, ஒன்றியத்து மெக்கானிக் அளவு நாடாவோடு கொட்டகைக்கு வந்தார். பல்ப்பரின் கால்களையும் போல்ட்டுகளுக்கு இடையே இருந்த தூரத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்.

"எதுக்குங்க அளக்கறீங்க?"

"மார்கழி ஒண்ணாந் தேதி கழட்டோணுமுங்களே. இங்கிருந்து எடுத்து வடக்குச் சரிவுச் சங்கத்துக்குக் குடுக்கறதா போன கூட்டத்துல முடிவாச்சுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?" அவர் எங்களைப் பாவமாகப் பார்த்தார். "அட, நீங்கதான் யாருமே வரலையே."

எங்கள் கொட்டகையில் இருந்ததால் எந்திரமும் எங்களுடையது என்றே ஊர் நினைத்திருந்தது. விதிப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது: ஒன்றியம் கொடுத்த பொருளை, விலகும் நாளில் ஒன்றியம் எடுத்துக்கொள்ளும், வேறு உடன்பாடு இல்லையென்றால்.

வேறொரு பல்ப்பர் வாங்க முடியும். விற்பனைக்கு ஒன்று இருப்பதும் தெரியும். ஆனால் எங்களிடம் இருந்தது ஒரே மேடை, ஒரே தண்ணீர்க் குழாய். ஒன்றைக் கழற்றி, பழைய போல்ட்டைப் பெயர்த்து, புதிய அளவுக்கு சிமென்ட் போட்டு, அது இறுகி, இன்னொன்றை ஓடவைக்க வாரக்கணக்கில் ஆகும். பறித்த பழம் அடுத்த நாளைத் தாண்டினாலே உள்ளுக்குள் புளித்துவிடும். உரிக்காமல் அப்படியே காயவைக்கலாம். ஆனால் அது மட்டக் காப்பி. எதற்காக விலகினோமோ அதுவே போய்விடும்.

அக்கா களத்து ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை. "என்ற செடி இந்த வருசம்தான், கண்ணு, கண்ணத் தொறக்குது" என்று மட்டும் சொன்னாள். எந்திரம் போனால் எனக்கும் வேலை இல்லை என்பதை அப்போது நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கும்.

அந்த வாரம் சேலத்துக்குப் போனேன். பாலிடெக்னிக் விடுதியில் என் அறையில் இருந்தவளின் அக்கா, அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். என்னை விட இரண்டு வயதுதான் பெரியவள். சர்வதேசச் சட்டப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்; கட்டில் முழுவதும் குறிப்புத் தாள்கள். விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். படிக்கப் படிக்க அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி, இது எங்க பாடம்டி! ஒரு நாடு ஒரு சர்வதேச ஒன்றியத்தை விட்டு வெளியே போகணும்னா இதேதான். முதல்ல எழுத்துல அறிவிப்பு. அப்புறம் ஒரு காலம். எவ்வளவுன்னு உடன்படிக்கையிலயே இருந்தா அது. ஒண்ணுமே எழுதலைன்னா, விலகற உரிமை இருக்குன்னு எடுத்துக்கிட்டாலும், குறைஞ்சது பன்னிரண்டு மாசத்துக்கு முன்னாடி சொல்லணும்."

"எங்களுக்கு நாலு மாசம்."

"அப்ப உங்க செம்மநத்தம் சுறுசுறுப்பான நாடு. இப்ப நீ சொல்லு, அறிவிப்புக் குடுத்த அன்னைக்கே அந்த நாடு வெளியே போயிடுச்சா?"

நான் யோசித்தேன். "இல்ல. தேதி வரைக்கும் உள்ளேதான்."

"உள்ளேன்னா முழுசா உள்ளே. கடமையும் இருக்கு, நாற்காலியும் இருக்கு. ஓட்டும் இருக்கு. பின்ன நீங்க ஏன்டி கூட்டத்துக்குப் போகல?"

"கோவம்."

அவள் தலையணையில் விழுந்து சிரித்தாள். "கோவிச்சுக்கிட்ட நாடுகளுக்குத் தனிப் பாடமே வைக்கலாம்." பிறகு எழுந்து, விதிப் புத்தகத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள். நானும் அதைப் படித்திருந்தேன். எங்களுக்கு ஆகாது என்று தாண்டியிருந்தேன். விலகும் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால் எல்லா உறுப்புச் சங்கங்களும் சம்மதிக்க வேண்டும், அதுவும் காலம் முடிவதற்கு முன்.

"ஒருத்தர் மாட்டேன்னா?"

"தேதி வந்ததும் தானா முடிஞ்சுடும். கடிகாரம் யாருக்காகவும் நிக்காது. கார்த்திகைக் கூட்டம் இருக்கில்ல? போய் உங்க நாற்காலில உட்காருங்க."

அடிவாரம் தாண்டிப் பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், பயணச்சீட்டின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். எங்களுக்கு வேண்டியது: தை முடியும்வரை பல்ப்பர். நாங்கள் விட்டுக்கொடுக்கக்கூடியது: இங்கே பேனா நின்றது. வளைவில் பஸ் சாய்ந்து, எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றபோது எழுதினேன்: ஒன்றிய லாரி. வாரத்தில் இரண்டு நாள் அது எங்கள் ஊருக்கு வரும். வடக்குச் சரிவுக்கும் இரண்டே நாள். ஆனால் அவர்களிடம் பல்ப்பர் இல்லை. பறித்த பழத்தை அந்த லாரியில் ஒண்டிக்கடைக்கு அனுப்பித்தான் உரிக்க வேண்டும். லாரி வராத நாளில் பறிக்கவே முடியாது.

கீழே இன்னொரு வரி எழுதினேன்: மேடை?

தலைவரைக் கூட்டத்துக்குக் கிளப்புவதுதான் சிரமமாக இருந்தது. "எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க போறது?" என்றார். எங்கள் ஊர் அக்காதான் முடித்துவைத்தாள். "இருக்கற மூஞ்சியவே வெச்சுட்டு வாங்க. நானும் வர்றனுங்க."

கார்த்திகைக் கூட்டத்தன்று மூவரும் ஒன்றிய அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றியபோது, உள்ளே பேச்சு நின்றது. வடக்குச் சரிவுச் சங்கத் தலைவர்தான் ஆரம்பித்தார். பருத்த குரல், மேல்துண்டு.

"வாங்க வாங்க. கோவிச்சுட்டுப் போன மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்திருக்காங்க, காப்பித் தண்ணி குடுங்கப்பா."

"எங்க காப்பியா இருந்தா குடுங்க, குடிக்கறோம்" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் கலந்துதான் வெச்சிருப்பீங்க."

அவரே சிரித்துவிட்டார். விலகப் போகிறவர்கள் ஓட்டுப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஒன்றியச் செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தேதி வரைக்கும் முழு உறுப்பினருங்க. உட்காரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போனார். இரண்டு கூட்டமாக எங்களுக்காகக் காலியாகக் கிடந்த நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீட்டிப்பு கேட்டோம். நான்கு சங்கங்கள் தலையாட்டின. வடக்குச் சரிவுத் தலைவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அதெப்படிங்க? மார்கழி ஒண்ணுன்னு முடிவு பண்ணுன மெசினு. எங்க சனத்துக்கிட்டச் சொல்லியாச்சு. உங்களுக்கு மட்டும்தான் பழமா, எங்களுக்கெல்லாம் புளியங்கொட்டையா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் எழுந்து நின்றேன். "மெசினு வந்தா வெக்கறதுக்கு மேடை கட்டியாச்சுங்களா?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்தார்.

"தண்ணிக் குழாய்?"

"பாத்துட்டிருக்கோம் கண்ணு" என்றார், குரலைத் தணித்து.

"மேடை போட்டு இறுகறதுக்கும், குழாய் இழுக்கறதுக்கும் எப்படியும் தை வந்துடுமுங்க. அதுவரைக்கும் மெசினு உங்க ஊர்ல சாக்குப் போட்டு மூடித்தான் கெடக்கும். எங்ககிட்ட ஓடட்டும். மேடைக்கு அளவு நான் வந்து குறிச்சுக் குடுக்கறேன், போல்ட்டு நிறுத்தறப்பவும் கூட இருக்கறேன். எங்க லாரி நாள் ரெண்டையும் நாளைலிருந்தே நீங்க எடுத்துக்குங்க. வாரத்துல நாலு நாள் பறிக்கலாம்."

லாரி என்றதும் அவர் கண் மாறியது. "அப்ப உங்க சரக்கு?"

"காலை பஸ்ஸு இருக்குதுங்களே" என்றார் எங்கள் தலைவர். கூட்டத்துக்கு வந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. "காஞ்ச கொட்டைதானுங்க. அது காத்திருக்கும். உங்க பழம் காத்திருக்காது."

வடக்குச் சரிவுத் தலைவர் மோவாயைத் தேய்த்துக்கொண்டார். "மேடை வேலைக்கு இந்தப் புள்ள வரோணும். வாய்ல சொன்னா பத்தாது, எழுதிக்குங்க" என்று செயலாளரைப் பார்த்துச் சொன்னார். பிறகு கை தூக்கினார். விலகும் தேதி மாசி ஒன்றுக்குத் தள்ளிப்போனது.

அலுவலகத்தை விட்டு இறங்கும்போது அக்கா சொன்னாள். "ஆடிக்குப் பயந்து ஓடி மார்கழியில மாட்டுனோம். இந்தத் தடவை மாசிங்க. நல்ல மாசந்தான், இல்லீங்களா?" தலைவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மார்கழி ஒன்றாம் தேதி பனி இறங்கி, கொட்டகை வாசலில் நின்றால் களம் தெரியவில்லை. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலைச்சுமையாக இரண்டு கூடை கொண்டுவந்து இறக்கினாள். பழங்கள் ஒரே நிறத்தில் சிவந்திருந்தன; எஸ்டேட்டில் பழகிய கை, ஒரு பச்சைக்காய் கூட இல்லை. மேலே கொட்டியதும் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழுந்தன. அவள் ஒரு கொட்டையை எடுத்து விரலில் வழுக்கவிட்டுப் பார்த்தாள். "நொம்ப வழவழன்னு இருக்குது" என்றாள். அந்தக் கொட்டையைத் திரும்பப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அந்த மாதத்தில் நான்கு முறை வடக்குச் சரிவுக்கு நடந்து போனேன். முதல் நாள் வெறும் மண் திட்டு. கடைசி நாள் மேடை, போல்ட்டு, குழாய் மூன்றும் நின்றன. வடக்குச் சரிவுத் தலைவர் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டேன்.

இப்போது நிலைமை இது. செம்மநத்தம் மாசி ஒன்றாம் தேதி ஒன்றியத்தை விட்டு விலகியது; திரும்பச் சேரவில்லை. பழைய பல்ப்பர் வடக்குச் சரிவில் ஓடுகிறது. எங்கள் மேடையில் அதை விடச் சிறியது ஒன்று இருக்கிறது; அதை நான்தான் ஓட்டுகிறேன். எங்கள் காப்பி தனிக் குவியலாகப் போகிறது. சில வருஷம் நல்ல விலை, சில வருஷம் சுமார். ஒன்றியத்தில் ஐந்து சங்கங்கள் இருக்கின்றன. பறிப்புக் காலத்தில் அவர்கள் லாரியில் இடம் இருந்தால் எங்கள் மூட்டையையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அக்காவின் செடிகள் இந்த வருஷமும் பூத்திருக்கின்றன.