குலுக்கலில் வந்த மந்திரி

பொய்ப்பல் செய்வது அவளுக்குத் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றுவாள். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு வேலையே இல்லை. சும்மா கிடந்த அந்தக் காதில்தான் அரசியல் தத்துவம் புகுந்தது. ஏதோ ஒரு பல்கலைக்கழகம் இலவசமாகப் போட்டிருந்த விரிவுரைகளை ஹெட்போனில் ஆண்டுக்கணக்காகக் கேட்டாள். ராஜா எதற்கு, சட்டம் எதற்கு, வரி கட்டு என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்றெல்லாம் காலங்காலமாக மனிதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையைவிட ருசியாக இருந்தது.

வீட்டில் செய்தி ஓடினால் அவள் வாய் நிற்காது. அமைச்சர் யாராவது "நாட்டு நன்மைக்காக" என்று ஆரம்பித்தால், யார் நன்மை என்று முதலில் சொல்லுங்கள் என்று டிவியோடு மல்லுக்கு நிற்பாள். பஸ் டிரைவரான கணவன் அவளுக்கு 'மந்திரி' என்று பெயர் வைத்தான். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

அந்தக் கோடையில் ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி அடிமண் தெரிய வற்றிப்போனது. மேட்டுப் பகுதிக்காரர்கள் பள்ளத்துக்காரர்களைத் திட்டினார்கள், இரண்டு பேரும் சேர்ந்து கடைவீதியைத் திட்டினார்கள். நகரமன்றம் எந்த முறையைச் சொன்னாலும் கட்சிச் சண்டையாக முடிந்தது. கடைசியில் மன்றத் தலைவி, கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்றோ, நல்ல மனதாலோ, ஒன்றை அறிவித்தார். வாக்காளர்களில் சிலரைக் குலுக்கிப் போட்டு எடுப்பது, தண்ணீர்ப் பங்கீட்டுக்கு அவர்கள் எழுதுகிற விதியே மழை வரும்வரை விதி.

குலுக்கலில் அவள் பெயர் வந்திருக்கிறது என்று போன் வந்தபோது அவள் கையெல்லாம் மெழுகு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கணவன் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டித் தீர்த்தாள்.

"அந்தக் காலத்துலயே பதவிக்கு ஆளைக் குலுக்கிப் போட்டு எடுத்திருக்காங்க, தெரியுமா? தேர்தல்னு வச்சா காசு உள்ளவனும் வாய் உள்ளவனும்தான் ஜெயிப்பான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்குக் குலுக்கல்ல ஒரு குக்கர்கூட விழுந்ததில்ல. உனக்கு ஒரு ஊரே விழுந்திருக்கு" என்றான் அவன்.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர், ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற வக்கீல் என்று கதம்பமான கூட்டம். குழாய்களைப் பற்றி விளக்க நீர்வாரிய இன்ஜினியர் வந்திருந்தார். முதல் ஆளாக எழுந்தவள் நம் மந்திரிதான். அறிந்தவர் ஆள வேண்டும் என்கிற பழைய வாதம் அவளுக்கு மனப்பாடம். பல் வலித்தால் ஓட்டுப் போட்டா வைத்தியம் பார்க்கிறோம், தண்ணீர் விஷயத்தை இன்ஜினியரே முடிவு செய்யட்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

இன்ஜினியர் மெதுவாகத் தலையசைத்தார். "எவ்வளவு தண்ணி இருக்கு, எந்தக் குழாய் எவ்வளவு தாங்கும்னு நான் சொல்லுவேம்மா. யாருக்கு முதல்லங்கிறது என் படிப்புல இல்ல. அதையும் நான் சொன்னா நான் இன்ஜினியர் இல்ல, ராஜா."

மூக்குடைபட்டவளுக்கு முகம் தொங்க வேண்டும். அவளுக்கோ உள்ளுக்குள் மத்தாப்பு. இதே பதிலை விரிவுரையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான்.

மறுநாள் ரகளை. அவரவர் தெருவை அவரவர் தூக்கிப் பிடித்தார்கள். ரொட்டிக்காரர் கடைகளுக்கே முதல் உரிமை என்று மேசையைத் தட்டினார். தட்டல் ஓய்ந்ததும் அவள் பேசினாள்.

"விதியை முதல்ல எழுதுவோம். எந்த நேரத்து முறை எந்தப் பகுதிக்குங்கிறதை அப்புறம் குலுக்கிப் போடுவோம். நாம எந்தத் தெருன்னே தெரியாதுன்னு வச்சுக்கிட்டு எழுதணும். எதுல மாட்டினாலும் தாங்குற மாதிரி இருக்கணும்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, வருமோ வராதோ என்ற பயமே அங்கே போதுமாக இருந்தது. பள்ளத்துக்கு நடுச்சாமத்தில் தண்ணீர் விடலாம் என்று முதல் நாள் சொன்னவரே அதை அடித்துவிடச் சொன்னார். "அப்ப நான் ரொட்டிக்காரனே இல்லைன்னு நினைச்சுக்கணும்" என்று கடைக்காரர் முனக, அவரோடு சேர்ந்து எல்லாரும் சிரித்தார்கள்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தெரு தெரியாதென்றால் போதாது, எழுந்து நடக்க முடியுமா, படுத்த படுக்கையா என்பதும் தெரியாதென்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். தன் யோசனையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்ததா என்று மந்திரி வியந்துபோனாள். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு, எந்தப் பகுதியானாலும், லாரித் தண்ணீர் முதலில் என்று விதி மாறியது. வேலியே பயிரை மேய்ந்துவிடக் கூடாது என்று வக்கீல் இன்னொன்று சேர்த்தார். விதிவிலக்கு கேட்பவர், மன்றத் தலைவியே ஆனாலும், இந்த அரங்கில் எல்லார் முன்னாலும் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும்.

குலுக்கினார்கள். மந்திரியின் பகுதிக்கு வந்தது உச்சி வெயில் முறை. தெருவில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்கும் நேரம்.

மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார், துணிக்கடையில் நின்று வேலை பார்ப்பவள், அன்றைக்கே இறங்கி வந்தாள். "ஊருக்கெல்லாம் நல்லது பண்ணிட்டு நம்ம தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி. உள்ள இருந்தது நீங்க. நமக்குன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"நான் பேசியிருந்தா எல்லாரும் பேசியிருப்பாங்க. அப்புறம் யாரு தொண்டை பெருசோ அவங்களுக்குத்தான் தண்ணி."

"எனக்குத் தொண்டை சின்னதா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் மாடி ஏறிவிட்டாள். தெருவில் சிலர் பேச்சையே நிறுத்தினார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும், எழுதியதைத் தானே ஒப்புக்கொண்டு எழுதினோம் என்பது மட்டும் பிடிவாதமாக மனதில் நின்றது.

இரண்டு வாரம் போயிருக்கும். வார்டு உறுப்பினர் அவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். குழாயில் கோளாறு என்று காட்டி அவள் பகுதியைக் காலை முறைக்கு மாற்றிவிடலாம், தன் தெருவையும் கூடவே மாற்றினால் யாருக்கும் தெரியாது, அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார். அவள் கைவேலையைக் கீழே வைத்தாள். பயத்தால் அல்ல. ஆயிரம் வருடப் புத்தகச் சண்டை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"தாராளமா கேளுங்க சார், அரங்கத்துல வந்து கேளுங்க. நானே முன்வரிசையில உட்கார்ந்து கேக்குறேன்" என்றாள்.

அவர் வரவில்லை. விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. அவளுக்கு வந்ததே கோபம். நம்மைச் சாக்கு வைத்து அவர் குளிக்கப் பார்த்தாரா, அப்படியென்றால் மத்தியானமே இருக்கட்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை, தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி, பகலில் வீட்டில் இருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டையும் அவள்தான் செய்தாள். விரிவுரை எதிலும் இல்லாத யோசனை அது.

ஆவணி கடைசியில் மழை கொட்டியது. எழுதியபடியே விதி காலாவதியானது. ஆனால் அந்த அரங்கத்துக்காரர்கள் கலையவில்லை. விடுமுறை நாளில் ரொட்டிக் கடையில் கூடுகிறார்கள். நோயாளிக்கு முன்னுரிமை என்றால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஏன் இல்லை என்று வக்கீலும் மந்திரியும் இன்னமும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். டீ ஆறிப்போகிறது. போன வாரம் நாத்தனாரும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், இரண்டு பேர் சொல்வதும் தப்பு என்று.