இடப்பக்கம் இழுத்த வண்டியும் குளச்சல் நெத்திலியும்

தம்பிக்கு லீவு முடிந்து மறுநாள் துபாய்க்கு விமானம். கருவாடு இல்லாமல் எந்தக் குமரிக்காரன் வளைகுடாவுக்குப் போவான்? குளச்சல் நெத்திலி வேண்டும் என்று லீவு முழுக்கக் கேட்டவனை, கடைசி நாள் காலை ஏழரைக்குத்தான் நாகர்கோவிலிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரம் ஆகும்.

என் கார் இரண்டு மாதமாக இடப்பக்கம் இழுக்கிறது. ஒரு குழியில் இறங்கியதிலிருந்து இந்தக் கோளாறு. ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்தபடியே ஓட்டப் பழகிவிட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில், வண்டியில் ஏறினாலே மனசு நிலைகொள்வதில்லை. கண்ணாடியை ஏற்றுவேன், இறக்குவேன். தம்பிக்கு எரிச்சல்.

குளச்சல் தாண்டிய கடற்கரைச் சாலையில் தார் ஓரமாகவே பாய் விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஸ்டியரிங்கில் இருந்துகொண்டே மீன் பார்ப்பது. நன்றாகக் காய்ந்ததா என்று எட்டிப் பார்த்தேன். பிடி தளர்ந்ததும் முன்சக்கரம் பாயின் ஓரத்தில் ஏறிவிட்டது.

இறங்கி ஓடினேன். காயப்போட்ட அக்கா திட்டவில்லை, நசுங்கியதைப் பொறுக்கி ஒதுக்கினார். எனக்கு வெட்கமாகப் போனது. ஏன் ரோட்டில் போடுகிறீர்கள் என்று தம்பி கேட்டான்.

“தாருல இட்டாத்தான் வெரசலா ஒணங்கும், மக்கா,” என்றார் அக்கா. தார்ச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடுமாம்.

பாயின் நடுவிலிருந்து ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, வண்டியைக் காட்டப் பக்கத்து ஊரான புதுக்கடைக்குப் போனோம். அங்கே மெக்கானிக் டயரைக் கழற்றினார். வெளிப்பக்கம் புதிதுபோல இருந்தது, உள்பக்கம் மொட்டை. சக்கரம் கோணலாக நின்றால் உரசி உரசியே ரப்பர் போய்விடுமாம். புது டயர் மாட்டி, அலைன்மென்டும் பார்த்தோம்.

தம்பி அந்த மொட்டையைத் தடவினான். “இவ்வளவு ரப்பரும் எங்க போச்சுண்ணே?”

ரோட்டைக் காட்டக் கையைத் தூக்கினேன். அவன் கக்கத்தில் கருவாட்டுப் பொட்டலம். கையை இறக்கிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு பிடி நெத்திலியைக் கழுவினோம். பாத்திரத்தின் அடியில் மணலோடு கறுப்புப் பொடி. அத்தனையும் டயர்தான் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எத்தனை வண்டிகளின் டயரோ.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: வண்டி ஒரு பக்கம் இழுத்தால் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கருவாட்டை ரோட்டை விட்டுத் தள்ளிக் காயவைப்பவரிடம் வாங்குங்கள். தேய்ந்த ரப்பர் எங்கும் மறைந்துவிடுவதில்லை. மழை பெய்தால் அது கடலுக்குத்தான் போகும், நெத்திலி இருக்கும் இடத்துக்கே.

நெத்திலியை வீட்டிலேயே விட்டுவிட்டோம். மறுநாள் விமான நிலைய வாசலில் தம்பி பெட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

“கனமே இல்ல, பாத்தியாண்ணே?”

திரும்பும்போது வண்டி நேராகத்தான் ஓடியது. என் கைதான் இன்னும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.